கூரை திறக்கும் பழைய கார் வாங்கலாமா? (எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை)

கேள்வி: 2024 அக்டோபர் 5

இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். வயது 31. கையில் 3,500 பவுண்டு சேர்ந்திருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5, அதுவும் ஹெட்லைட் எழும்பி நிற்குமே அந்த முதல் தலைமுறை, ஒன்று வாங்க ரொம்ப நாளாக ஆசை. வீட்டில் ஓட்டுவதற்கு டொயோட்டா உண்டு, இது ஞாயிற்றுக்கிழமை வண்டி மட்டும்தான். கராஜ் கிடையாது, தெருவில்தான் நிற்கும். "இனி இதன் விலை ஏறுமே தவிர இறங்காது, வங்கியில் போடுவதைவிட மேல்" என்கிறார் அலுவலக நண்பர். மனைவி சிரிக்கிறாள். வைத்திருப்பவர்கள் நல்லது கெட்டது சொல்லுங்கள்.

அக்டோபர் 6, இரவு

உங்கள் மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. முதலில் அந்த முதலீட்டுக் கதையை முடித்துவிடுவோம்.

என்னிடம் 1992 சிவப்பு 1.6 இருக்கிறது. இங்கே மில்டன் கீன்ஸில் 2018இல் 2,400 பவுண்டுக்கு வாங்கினேன். இன்றைக்கு 4,500 கேட்டால் கொடுக்க ஆள் வரும். நண்பர் சொன்னது பலித்துவிட்டது என்று தோன்றுகிறதா? வாங்கிய நாளிலிருந்து ரசீதுகளை ஒரு பழைய அல்வா டப்பாவில் போட்டு வருகிறேன். நேற்று கொட்டி எண்ணினேன். காப்பீடு, வரி, பெட்ரோல் எதையும் சேர்க்காமல் 5,180 பவுண்டு. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எல்லாத் தலைமுறையும் சேர்த்து 2016இல் 10 லட்சத்தைத் தொட்டது. அபூர்வமான கார் இல்லை இது. துருப்பிடிக்காத ஒன்று கிடைப்பதுதான் அபூர்வம்.

அப்படியானால் நான் ஏன் வைத்திருக்கிறேன்? வேகத்துக்காக இல்லை. 115 குதிரைத்திறன்தான், எந்த டீசல் குடும்ப வண்டியும் சிக்னலில் என்னைத் தாண்டிப் போய்விடும். ஆனால் எடை ஒரு டன்கூட வராது. எஞ்சின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம், பாரம் முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி. கியர் குச்சி இரண்டு அங்குலம் நகர்ந்தால் போதும், "டக்" என்று விழும். இந்த ஊரில் ரவுண்டானா நூற்றுக்கு மேல் இருக்கிறது. இந்த ஊரில் குடியிருப்பவர்கள் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். எனக்கு அலுவலகம் போகும் வழியில் மட்டும் ஒன்பது. நான் திட்டுவதில்லை.

மணிக்கு 40 மைலில் போகும்போதே ஏதோ பெரிய காரியம் செய்வது போல இருக்கும். அதுதான் இதன் சூட்சுமம். இன்றைய கார்களில் அந்த உணர்வு வருவதற்குள் லைசென்ஸ் போய்விடும்.

உதிரிபாகம் மலிவு. வரியும் பெரிதில்லை. ஆனால் கராஜ் இல்லை என்றால் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

அக்டோபர் 7

வரி பெரிதில்லை என்று நேற்று எழுதியது தப்பு. தானாகக் கழியும்படி போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு இங்கே எஞ்சின் அளவுதான் கணக்கு. 1549 சிசி வரை ஒரு விலை, அதற்கு மேல் இன்னொன்று. என் எஞ்சின் 1597 சிசி. 48 சிசி, ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லை, அதற்காக மேல்படியில் கட்டுகிறேன். இந்த ஆண்டு 345 பவுண்டு. வருடத்தில் 3,000 மைல் ஓடும் வண்டிக்கு!

அக்டோபர் 19

கராஜ் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், இந்தக் காரின் தலையெழுத்து முழுக்க இதில்தான் இருக்கிறது.

கூரைத் துணியில் விழும் மழை எங்கே போகிறது? பின்பக்கம் வழிந்து, துணியின் அடி விளிம்பில் இருக்கும் ஒரு ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, இடமும் வலமும் பிரிந்து ஓடும். சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து குழாய் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடியில் தண்ணீரை விட்டுவிடும். நம் ஊர் ஓட்டு வீட்டில் தகரக் குழாய் வைப்பது போலத்தான். அந்த ஓட்டையில் இலை, பாசி, தூசி சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிரம்பி உள்ளே வழியும். கொஞ்சம் கம்பளத்துக்குப் போகும். மீதி கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் இறங்கும். இங்கே அதை சில் என்பார்கள். கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே அதுதான், சாதாரணக் காரில் மேற்கூரை தாங்கும் பாரத்தையும் சேர்த்து இதுதான் தாங்குகிறது.

அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் பெயிண்ட் லேசாகக் கொப்புளித்ததைப் பார்த்து "சின்னத் துரு, தேய்த்து அடித்தால் போதும்" என்பார்கள். கொப்புளம் தெரிகிறது என்றால் உள்தகடு பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். நான் வாங்கும்போது என் காரில் இருந்தது ஐந்து பைசா அளவுக் கொப்புளம் ஒன்று. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அன்றைக்கு வெயில் அடித்தது, விற்றவர் கூரையைத் திறந்துவிட்டார்.

ஆகவே எஞ்சினைப் பார்க்காதீர்கள். எஞ்சின் மாடு மாதிரி உழைக்கும். 1.6இல் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதாது, வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். குளிரில் மேலே டிக் டிக் என்று சத்தம் வரும், பெரும்பாலும் எண்ணெய் மாற்றினால் அடங்கும். 1991 நடுப்பகுதிக்கு முந்தைய எஞ்சின் என்றால் மட்டும் கிராங்க் தண்டின் முனை சிறியதாக இருக்கும் வகையா என்று பாருங்கள், அது தேய்ந்து ஆடும். மற்றபடி தகட்டைத்தான் விலை பேசுகிறீர்கள்.

அக்டோபர் 20

ஓட்டையைச் சுத்தம் செய்ய: ஜன்னல் திரைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி. மெதுவாக, சுழற்றிக்கொண்டே. கம்ப்ரசரில் காற்றடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் அப்புறம் தண்ணீர் நேராக சில்லுக்குள்தான். சுத்தம் செய்தபின் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய அளவு கீழே வர வேண்டும். பாதிதான் வந்தது என்றால் மீதிப் பாதி எங்கே என்று கவலைப்படுங்கள்.

நவம்பர் 10

நீங்கள் அனுப்பிய விளம்பரம் பார்த்தேன். பின்னால் யூனோஸ் என்று எழுதியிருக்கிறது பாருங்கள், ஜப்பானில் விற்று இங்கே வந்த கார். ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றார்கள். அதில் தவறில்லை. ஆனால் "ஜப்பான் கார், துருவே இருக்காது" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஜப்பானில் இருந்தவரை இருந்திருக்காது. இங்கிலாந்துச் சாலையில் எத்தனை குளிர்காலம், பனிக்குத் தூவும் உப்பைத் தின்றது என்பதுதான் கேள்வி. அது 2001இல் வந்திருக்கிறது.

அதைவிட, அது ஆட்டோமேட்டிக். விட்டுவிடுங்கள். பிரியாணியில் கறியை எடுத்துவிட்டுச் சாப்பிடுவது போல.

எம்ஓடி (இங்கே வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை) வரலாறு பார்த்தீர்களா? அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் காசில்லாமல் வரும். நான் அதைக் கதைப் புத்தகம் போலப் படிப்பேன். உங்கள் விளம்பரக் காரில் 2019இல் "பின் சில் இரண்டு பக்கமும் அரிப்பு" என்று குறிப்பு இருக்கிறது. 2020இலும். 2021இல் அந்தக் குறிப்பே இல்லை! விற்பவரிடம் வெல்டிங் ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் துரு தானாக ஆறிவிடவில்லை, பட்டி பூசி மேலே கறுப்புத் தார் அடித்திருக்கிறார்கள்.

நவம்பர் 24

கராஜ் இல்லாவிட்டால் வாங்காதீர்கள் என்று எழுதினேன் இல்லையா. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

நண்பர் ஒருவர் வீட்டு கராஜில் இன்னொரு எம்எக்ஸ்-5 நிற்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். செங்கல் சுவர், காற்றோட்டம் இல்லை, தரை ஈரம். மழையில் ஓட்டிவிட்டு நனைந்த காரை அப்படியே உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறார். சீட்டில் வெள்ளைப் பூஞ்சை. என் கார் ஆறு வருடமாகத் திறந்தவெளியில் நிற்கிறது, காற்று பட்டுக் காய்ந்துவிடுகிறது. (ஆமாம், என்னிடமும் கராஜ் கிடையாது. உங்களுக்கு மட்டும் அறிவுரை சொன்னேன்.)

மூடு துணியும் அப்படித்தான். முதல் குளிர்காலம் மலிவான பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டேன். அடியில் ஈரம் தங்கி, காற்றில் படபடத்து, பெயிண்டில் தேய்த்த கோடுகள். இப்போது எதுவும் போடுவதில்லை. மரத்தடியில் மட்டும் நிறுத்துவதில்லை. ஆகவே திருத்தப்பட்ட அறிவுரை: தெருவில் நிற்கட்டும், மரத்தடி வேண்டாம், மாதம் ஒருமுறை திரைக்கம்பி.

டிசம்பர் 15

பின் ஜன்னல் போச்சு.

இதுவும் ஒரு பாடம். முதல் தலைமுறையில் பின் கண்ணாடி கண்ணாடியே இல்லை, தெளிவான பிளாஸ்டிக் தாள். கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவிட வேண்டும். குளிரில் அது அப்பளம் மாதிரி ஆகிவிடும், மடங்காது. இன்று காலை உறைநிலை. வெயில் பளிச்சென்று இருந்தது. மகள் "திறப்பா" என்றாள். ஜிப்பைத் திறந்தேன், ஒரு நொடி பொறுத்து ஹீட்டர் போட்டிருக்கலாம். போடவில்லை. நட்டநடுவில் விரிசல்.

அப்புறம் என்ன, ஒட்டு போட்டுவிட்டு திறந்தபடியே போனோம். இதை வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்: கூரை திறந்து ஓட்டக் குளிர்காலம்தான் நல்ல காலம். கேபின் அவ்வளவு சின்னது, ஹீட்டரை முழுதாக வைத்துப் பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் இடுப்புக்குக் கீழே வெந்நீர்க் குளியல், காது மட்டும் ஜில். ஜூலையில் போக்குவரத்து நெரிசலில் திறந்து உட்கார்ந்து பாருங்கள், வடகம் காயப்போட்டது போல் ஆகிவிடுவீர்கள்.

கூரையோடு எனக்கு ராசியில்லை என்றே சொல்ல வேண்டும். 2021இல் ஒரு கார் பார்க்கில் நிறுத்தியிருந்தபோது யாரோ கத்தியால் கூரையைக் கிழித்து சீட்டில் இருந்த பையை எடுத்துப் போய்விட்டார்கள். புதுக் கூரைக்கு, மாட்டும் கூலியோடு, எனக்கு 640 பவுண்டு. திருடனுக்குக் கிடைத்தது தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். "கதவைப் பூட்டாமல் விட்டுவிடு, கிழிக்க மாட்டார்கள்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உங்கள் காப்பீட்டு விதிகளைப் படித்துவிட்டு அதைச் செய்யுங்கள். என் நிறுவனம் பூட்டாத வண்டிக்குப் பணம் தராது. நான் இப்போது பூட்டுகிறேன், உள்ளே ஒரு தாள்கூட வைப்பதில்லை.

2025 பிப்ரவரி 2

அக்கா லண்டனில், கிழக்கு ஹாமில் இருக்கிறாள். தைப்பூசத்துக்கு வா என்கிறாள். எம்1 மோட்டார்வே நெடுக 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே வரும், பேச முடியாது, பாட்டும் கேட்காது. பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கர நட்டு என் கண் மட்டத்தில் சுற்றும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. 2023 ஆகஸ்ட் 29இலிருந்து யூலெஸ் என்ற புகைக் கட்டணம் லண்டனின் எல்லாப் பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) வந்துவிட்டது. பெட்ரோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரம் இருக்க வேண்டும், என் காருக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. நள்ளிரவோடு நாள் மாறும். அக்கா வீட்டில் சாப்பிட்டுப் பேசி, 12 மணி தாண்டிக் கிளம்பினால் 25.

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், என் நண்பர் ஒருவர் 1972 எம்ஜி பி, பழைய இங்கிலாந்துத் திறந்த கார், வைத்திருக்கிறார். கார்புரேட்டர் வண்டி. அதன் பின்னால் கூரை திறந்து போனால் உங்கள் சட்டை இரண்டு நாள் பெட்ரோல் வாசம் அடிக்கும். 40 வயது தாண்டியதால் அது வரலாற்று வண்டி. வரி கிடையாது, எம்ஓடி கட்டாயம் இல்லை, யூலெஸும் இல்லை. இஞ்செக்ஷன் வைத்த என் வண்டி எல்லாவற்றையும் கட்டுகிறது. எனக்கு அந்த வரி விலக்கு 2033 ஏப்ரலில் வரும். வண்டியின் சில் அதுவரை தாங்குமா என்பது வேறு விஷயம்.

ஆனால் மாற்றிக்கொள்வாயா என்றால் மாட்டேன். இங்கிலாந்துக்காரர்கள் இந்த மாதிரிச் சின்னத் திறந்த கார்களைப் பத்து இருபது வருடம் செய்து தள்ளிவிட்டு, 1980இல் எம்ஜி பியோடு கிட்டத்தட்டக் கைகழுவினார்கள். பாப் ஹால் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர். 1979இல் மாஸ்டாவின் கென்இச்சி யமமோட்டோவிடம், அந்த மாதிரிக் கார் ஒன்று நீங்கள் செய்யுங்களேன் என்று சொல்லியிருக்கிறார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்தது. அறுபதுகளின் இங்கிலாந்துக் கார் லோட்டஸ் எலான் எப்படி ஓடியதோ அதே மாதிரி, ஆனால் காலையில் சாவி போட்டால் கிளம்பும். நண்பரின் எம்ஜி நிற்கும் இடத்தில் அட்டைப்பெட்டி விரித்து வைத்திருக்கிறார், எண்ணெய் சொட்டுவதற்கு.

தைப்பூசத்துக்கு ரயிலில் போகிறேன்.

மார்ச் 15

எம்ஓடி தோல்வி. இடது பின் சில், சீட் பெல்ட் மாட்டும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு. அந்த எல்லைக்குள் இருந்தால் தப்பிக்க வழியே கிடையாது. சோதித்தவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார், டங், டங், டங், பொத். அந்த "பொத்" இன்னும் காதில் இருக்கிறது.

வலது பக்கமும் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். சில வருடம் முன்பு ஒரு பட்டறையில் ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்துத் தூக்கிச் சில்லின் விளிம்பை நசுக்கிவிட்டார்கள், அங்கே பெயிண்ட் உடைந்து உப்பு உள்ளே போயிருக்கிறது. அப்போதே நான் கவனித்து அடித்திருக்க வேண்டும். விடுங்கள்.

விற்றுவிடப் போகிறேன். நீங்களும் வாங்காதீர்கள். டொயோட்டா போதும்.

மார்ச் 16

நேற்று எழுதியது கோபத்தில். அழிக்கவில்லை, இருக்கட்டும். இப்படி ஒரு சனிக்கிழமை உங்களுக்கும் வரும்.

ஏப்ரல் 12

இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, உள்ளே மெழுகு பீய்ச்சி, பெயிண்ட் சேர்த்து 1,150 பவுண்டு. வெட்டி எடுத்த துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வெளியே சிவப்பு பளபள, உள்ளே கறையான் தின்ற கதவு மாதிரி விரலால் உதிர்கிறது. உதிர்ந்த தூளோடு ஒரு காய்ந்த மேப்பிள் இலைக் காம்பு. எந்த வருடத்து இலையோ.

கூடவே கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் (மிதித்தால் கிளட்ச்சைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன உருளை) கசிந்தது. இந்தக் காரில் அது சளி இருமல் போல, எப்போதாவது வந்தே தீரும். பாகம் 18 பவுண்டு. பட்டறையில் கேட்டால் கூலியோடு 110. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை இந்த வண்டி வைத்திருப்பவன்தான் முதலில் சொல்லியிருப்பான். நானே மாற்றினேன், ஒரு ஞாயிறு முழுக்கப் போனது, பிரேக் திரவம் பட்டு ஒரு சட்டை போனது. உதிரிபாகம் மலிவு என்று முதல் நாள் எழுதியது உண்மை. உங்கள் கை வேலை செய்யும் என்றால்தான் அந்த உண்மைக்கு மதிப்பு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, கற்கவும் பிடிக்காது என்றால் இந்தக் காரை நினைக்க வேண்டாம்.

பாகங்கள் கிடைப்பது பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். கவலை இல்லை. மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் இந்தத் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டம் அறிவித்து, கூரைத் துணி, மர ஸ்டீயரிங், அந்தக் காலத்து அளவில் டயர் வரை திரும்பச் செய்தது. என் டயர் 185/60 ஆர்14, புது எஸ்யூவி டயர் ஒன்றின் விலையில் எனக்கு நாலும் வந்துவிட்டது.

வரி இந்த மாதத்திலிருந்து 360. 48 சிசியை மறக்க மாட்டேன்.

ஏப்ரல் 13

அல்வா டப்பா மொத்தம் இப்போது 6,440. விற்கும் எண்ணம் போய்விட்டது. 1,150 கொடுத்தபின் விற்பதற்கு நான் என்ன பைத்தியமா? ஆனால் இந்த வாதத்தை ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன் என்கிறாள் மனைவி.

ஜூன் 29

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "மாட்டுவண்டிக்கே கூண்டு கட்டுவாங்க. கூரை இல்லாத வண்டிக்கா இவ்வளவு காசு?" என்றார். கூரை இருக்கிறது அம்மா, மடக்கியிருக்கிறேன் என்று காட்டினேன். "இருக்கிறத ஏன் மடக்கணும்?" இதற்கு ஏழு வருடமாக நானும் பதில் தேடுகிறேன்.

உட்கார்வதே பெரும்பாடு. தரையில் மணையில் உட்காருவது போலத்தான் இந்த சீட். முட்டி வலிக்காரருக்கு இது கார் இல்லை. ஒரு வழியாக உட்கார்ந்து, முந்தானையைத் தலையோடு சுற்றிக் கட்டிக்கொண்டார். ஸ்டோனி ஸ்ட்ராட்போர்டு தாண்டி வயல் ஓரமாகப் போனோம். வெட்டிய புல் வாசம் வந்தது. மூடிய காரில் இந்த ஊருக்கு வாசம் உண்டென்றே எனக்குத் தெரியாது, பேக்கரி, மாட்டுச்சாணம், ஆற்றோரக் குளிர் எல்லாம் தனித்தனியாக வரும். அம்மா எதுவும் சொல்லவில்லை. வீடு வந்ததும் இறங்கவில்லை. நான் கைகொடுத்துத் தூக்க நின்றுகொண்டிருக்கிறேன், "பெட்ரோல் இருக்கா?" என்றார்.

அரிசி மூட்டை வாங்க மட்டும் இதில் அழைத்துப் போகாதீர்கள். டிக்கி இருக்கிறது பெயருக்கு, அதில் ஸ்டெப்னியும் பேட்டரியும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. 20 கிலோ சோனா மசூரியை அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

ஆகஸ்ட் 10

வீட்டில் விசேஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். இப்போது நான் இதுவரை தள்ளிப்போட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் காரில் ஏர்பேக் இல்லை. ஏபிஎஸ் இல்லை. கவிழ்ந்தால் தலையைக் காக்க கம்பி இல்லை, கண்ணாடிச் சட்டம் மட்டும். கதவு கையால் தட்டினால் பிஸ்கட் டின் சத்தம். ஏர்பேக் இல்லாததால் முன் சீட்டில் பின்நோக்கிய குழந்தை இருக்கை வைப்பதைச் சட்டம் தடுக்காது. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக நான் வைக்கச் சொல்ல மாட்டேன். மகளை நான் ஊர்ச் சாலையில் மட்டும் ஏற்றுகிறேன், மோட்டார்வேயில் ஒருபோதும் இல்லை. அதுவும் சரிதானா என்று சில இரவுகளில் தோன்றும். டிசம்பரில் அந்த ஜன்னல் கதையைச் சிரித்துக்கொண்டு எழுதினேன், இன்று படித்தபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

அப்புறம் நேரம். குழந்தை வந்தபின் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது. ஓடாமல் நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும், பிரேக் பிடித்துக்கொள்ளும், பேட்டரி படுத்துவிடும், ஓட்டை அடைத்தது தெரியாது. முதலில் குழந்தை வரட்டும், ஐந்து வருடம் கழித்து வாங்குங்கள் என்று எழுதத் தொடங்கினேன். ஆனால் ஐந்து வருடத்தில் நல்ல தகடு இன்னும் குறைந்துபோயிருக்கும், விலையும் கூடியிருக்கும். உங்கள் அலுவலக நண்பர் அந்த அளவில் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். முடிவு உங்கள் வீட்டில் எடுங்கள், என்னைக் கேட்டு அல்ல.

ஆகஸ்ட் 11

மனைவி "வாங்கித் தொலை, இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க விளம்பரம் பார்ப்பாய்" என்றாராமே. அப்படியானால் சரி. பார்க்கப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

செப்டம்பர் 14

நேற்று நானும் கேள்வி கேட்ட தம்பியும் இரண்டு கார் பார்த்தோம். கருவி: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த மீனாட்சி அம்மன் கோபுர காந்தம், மெல்லிய துணியில் சுற்றியது. தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் விழும். முதல் கார் பான்பரி பக்கம், வெயிலில் தங்கம் போல் மின்னியது. இடது பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன், கோபுரம் சரிந்து புல்லில் விழுந்தது. இன்னொருமுறை வைத்தேன், இன்னொருமுறை விழுந்தது. விற்பவர் வானத்தைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது பச்சை, 1995, அவலட்சணம். பானெட்டில் கல் அடித்த புள்ளிகள், சீட் கிழிசல், ஒரு ஹெட்லைட் எழும்பவில்லை. (அது ஒன்றும் இல்லை, பானெட்டைத் திறந்தால் மோட்டார் மேல் ரப்பர் மூடிக்குள் ஒரு குமிழ் இருக்கும், கையால் திருகி எழுப்பலாம். தம்பிக்குக் காட்டினேன்.) ஆனால் வெல்டிங் ரசீது, படங்களோடு. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. கம்பளத்தைத் தூக்கிக் கைவைத்தால் காய்ந்த தரை. 3,300க்கு முடிந்தது. திரும்பும்போது அவரை முன்னால் விட்டு நான் என் வண்டியில் பின்னால் வந்தேன். முதல் ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றினார். வழி தெரியாமல் சுற்றினேன் என்று பிறகு சொன்னார், நான் நம்பவில்லை.

செப்டம்பர் 21

நேற்றிரவு இங்கே நல்ல மழை. ரெடிங்கிலும் இருந்திருக்கும். காலை 6:40க்குத் தம்பியிடமிருந்து ஒரு படம். குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் குனிந்து எடுத்தது, காரின் அடி வயிறு, பின் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் தாரையாகத் தண்ணீர். கீழே ஒரு வரி: "அண்ணா, ரெண்டு பக்கமும் ஒழுகுது!!"

ஒழுகட்டும் என்று பதில் போட்டுவிட்டு என் வண்டியைப் பார்க்க இறங்கினேன். வலது பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. திரைக்கம்பியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.